வடசென்னையில கலை–கல்வி சங்கம் ஆரம்பிச்சு பழவேற்காடு ஏரி ஊருங்க வரைக்கும் கொண்டு போகணுமா? பேப்பர், செலவு, நேரம் எல்லாம் இதோ

பசங்களுக்கு பறை, ஓவியம், நாடகம் சொல்லித் தரணும், சாயந்திரத்துல பெரியவங்களுக்கு எழுதப் படிக்கக் கத்துக் குடுக்கணும், பாதியில படிப்ப விட்டவங்கள திரும்ப பரீட்சை எழுத வைக்கணும், இதெல்லாம் ஆசையோட பண்றவங்க காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்னு நம்ம பக்கம் நிறைய பேர் இருக்காங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஸ்கூல்ல இடம் கேட்டா "உங்க அமைப்பு பதிவு ஆனதா"ன்னு கேப்பாங்க, யாராவது பணம் குடுக்க வந்தா "பேங்க் அக்கவுண்ட் அமைப்பு பேர்ல இருக்கா"ன்னு கேப்பாங்க, அங்க தான் எல்லாரும் திணறிப் போய் நிக்கிறாங்க. நாங்களும் அந்த அலைச்சல் அலைஞ்சு தான் இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டோம். எங்க வேலை பழவேற்காடு ஏரியோரத்து ஊருங்களுக்கும் போறதால அந்தப் பக்கத்து விஷயமும் சேர்த்தே எழுதியிருக்கேன். உங்களுக்கு ஏரிப் பக்கம் வேலை இல்லன்னா 8வது பகுதிய விட்டுடலாம்.

1. சங்கமா, டிரஸ்டா

டிரஸ்ட்னா கொஞ்ச பேர் சேந்து சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் போட்டா போதும், வேகமா முடியும். ஆனா அதுல அதிகாரம் முழுக்க அந்த நாலஞ்சு பேர் கையில தான் இருக்கும். சங்கம்னா உறுப்பினர், பொதுக்குழு, தேர்தல் எல்லாம் உண்டு, வேலை ஜாஸ்தி. ஏரியா ஜனங்களே நடத்தற அமைப்பா இருக்கணும்னா என் கருத்து சங்கம் தான். வகுப்புக்கு வர்ற மீன் விக்கிற அக்காவும் ஓட்டு போடலாம், கணக்கு கேக்கலாம், அது பெரிய விஷயம். இனி எழுதறது எல்லாம் சங்கத்துக்கு, அதாவது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975க்கு கீழ வர்றது.

இன்னொன்னு. பதிவு ஆகட்டும் அப்புறம் வகுப்பு ஆரம்பிக்கலாம்னு உக்காராதீங்க. வகுப்ப ஒரு வீட்டு மொட்டை மாடியில ஆரம்பிச்சுடுங்க, யார் நிலைச்சு வர்றாங்க, யார் பேச்சோட நிக்கிறாங்கன்னு அதுல தெரிஞ்சிடும். ஆனா சட்டப்படி உறுப்பினர் 20 பேர தொட்டுட்டா, இல்ல வருஷ வரவோ செலவோ 10,000 ரூபாய தொட்டுட்டா பதிவு கட்டாயம், அதனால ரொம்பவும் தள்ளிப் போடக் கூடாது.

2. ஏழு பேர சேக்கறது

குறைஞ்சது 7 பேர் வேணும். நிர்வாகக் குழுவுக்கு குறைஞ்சது 3 பேர், வழக்கமா தலைவர், செயலாளர், பொருளாளர். குழுவோட காலம் 3 வருஷத்துக்கு மேல போகக் கூடாது, அதுக்குள்ள மறுபடி தேர்ந்தெடுக்கணும்.

ஒவ்வொருத்தர் கிட்டயும் ஆதார், பான், ஃபோட்டோ, தொழில், இப்ப இருக்குற விலாசம் வாங்குங்க. வாங்கின உடனே எல்லா கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேர் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. நம்ம பேர்ல இனிஷியல் தான் முதல் தொல்லை, ஆதார்ல இனிஷியல் பின்னாடி இருக்கும், பான்ல அப்பா பேர் முழுசா நீண்டு நிக்கும், ரேஷன் கார்டுல வேற எழுத்து. பதிவுல தப்பிச்சாலும் பேங்க்ல மாட்டும். திருத்தம் போட வேண்டியவங்க இப்பவே போட்டுடட்டும், அதுக்கே வாரக்கணக்குல ஆகும். ஆதார்ல இருக்குற மொபைல் நம்பர் இப்பவும் அவங்க கையில தான் இருக்கான்னும் கேளுங்க, ஓடிபி பழைய நம்பருக்குப் போச்சுன்னா ஒரு கையெழுத்துக்காக எல்லாரும் காத்துக் கிடக்கணும்.

ஏழும் ஒரே குடும்பமா இருக்க வேணாம். நாளைக்கு நன்கொடை குடுக்கறவங்க அத தான் முதல்ல பாப்பாங்க.

3. முகவரி, நம்ம பக்கத்துல இது தான் பெரிய சிக்கல்

பதிவு அலுவலகம்னு ஒரு விலாசம் குடுக்கணும். சொந்த வீடுன்னா சொத்து வரி ரசீது, இபி பில்லோட வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்த கடிதம், வாடகைன்னா அதோட வாடகை ஒப்பந்தமும். கேக்க சுலபமா இருக்கும். ஆனா வடசென்னையில பாதி வீட்டுல இபி தாத்தா பேர்ல இருக்கும், வரி பெரியப்பா பேர்ல இருக்கும், வீட்டுல இருக்கறது மூணாவது தலைமுறை. யார் பேர்ல பேப்பர் இருக்கோ அவங்க தான் கையெழுத்து போடணும். அவங்க காலமாகியிருந்தா அந்த விலாசத்த விட்டுடுங்க, வாரிசு சான்று வாங்கி அப்புறம் இத பண்ணலாம்னு இறங்கினா சங்கம் நிக்காது.

ஹவுசிங் போர்டு குடியிருப்புல இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும். ஒதுக்கீடு ஆணை யார் பேர்ல இருக்கு, விற்பனைப் பத்திரம் ஆச்சான்னு பாருங்க, அதோட அந்த பிளாக்க இடிச்சு மறுகட்டுமானம் பண்ணப் போறாங்களான்னும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய ஆபீஸ்ல கேட்டுடுங்க. பிளாக்க இடிச்சா எல்லாரும் வேற வேற இடத்துக்கு வாடகைக்குப் போயிடுவாங்க, பதிவாளர் அனுப்பற தபால் பூட்டின வாசல்ல இருந்து திரும்பிப் போகும். முகவரி மாத்தலாம், அதுக்கும் தீர்மானம், படிவம், கட்டணம்னு ஒரு சுத்து இருக்கு. குறைஞ்சது அஞ்சு வருஷம் நகராத ஒரு விலாசத்த தேடுங்க, அது செயலாளர் வீடா இருக்கணும்னு அவசியமில்ல.

4. பேர், நோக்கம், துணை விதி: இதுக்கு தான் அதிக நேரம் குடுக்கணும்

துணை விதின்னா சங்கத்த எப்படி நடத்தணும்னு எழுதி வெக்கற விதிங்க. டைப் பண்ற கடையில அத ரெடிமேடா வெச்சிருப்பாங்க, பேர மட்டும் மாத்தி அடிச்சுக் குடுத்துடுவாங்க. தயவு செஞ்சு அத அப்படியே வாங்கிட்டு வராதீங்க. இனிமே உங்க கிட்ட பணம், இடம், அனுமதி குடுக்கறவங்க எல்லாரும் படிக்கப் போறது இந்தப் பேப்பர தான். ஏழு பேரும் உக்காந்து சத்தமா ஒரு தடவை படிங்க, புரியாத வரி இருந்தா மாத்துங்க. தமிழ்லயே எழுதலாம், எழுதுங்க.

பேர் விஷயத்துல, ஏற்கனவே பதிவான சங்கத்தோட பேரா இருக்கக் கூடாது, அரசாங்க ஆதரவு இருக்கற மாதிரி தோணவும் கூடாது. அதனால மூணு பேர் யோசிச்சு வெச்சுக்கிட்டு போங்க.

நோக்கத்துல "கலை வளர்ச்சி"ன்னு மட்டும் எழுதிட்டா நாளைக்கு முதியோர் கல்வி வகுப்புக்கு பணம் கேக்கும் போது "உங்க நோக்கத்துல கல்வியே இல்லையே"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. கலை, கைத்தொழில், வயது வந்தோர் கல்வி, எல்லா வயசுக்காரங்களுக்கும் தொடர் கல்வி, நூலகம், குழந்தைகளுக்கான பயிற்சி, இப்படி பண்றதையும் பண்ணப் போறதையும் தனித்தனி வரியா எழுதுங்க. செயல்படற பகுதின்னு ஒரு இடம் வரும், அதுல "சென்னை"ன்னு சுருக்கிடாதீங்க. சென்னை, திருவள்ளூர் மாவட்டம்னு ரெண்டையும் போடுங்க, இல்ல தமிழ்நாடு முழுக்கன்னு போடுங்க. மீஞ்சூர தாண்டி ஒரு ஊர்ல வகுப்பு எடுக்கணும்னா இந்த ஒரு வரி தான் காப்பாத்தும்.

கட்டாயம் இருக்க வேண்டிய வரிங்க:

- சாதி, மத பேதம் இல்லாம எல்லாருக்கும் பலன்னு ஒரு வரி. ஒரு சமூகத்துக்கு மட்டும்னு எழுதிட்டா பின்னாடி 80ஜி (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வைக்கற பதிவு) கிடைக்காது.
- லாபத்த உறுப்பினர்கள் பங்கு போட மாட்டாங்க, சங்கம் கலைஞ்சா மிச்சம் இருக்கறது இதே மாதிரி நோக்கம் இருக்கற இன்னொரு அமைப்புக்கு போகும்னு ஒரு வரி. 12ஏ (சங்கத்து வருமானத்துக்கு வரி விலக்கு தர்ற பதிவு) கேக்கும் போது வருமான வரித்துறை தேடறது இத தான்.
- கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வரணும்னு ஒரு வரி. ரெடிமேட்ல மூணுல ரெண்டு பங்குன்னு இருக்கும். ஷிஃப்ட் வேலைக்கும் கடலுக்கும் போற ஜனம் அத்தனை பேரும் ஒரே ஞாயித்துக்கிழமை வருவாங்களா? நடக்கற எண்ணிக்கையா போடுங்க.
- ஆபீஸ் நேரம், நிதியாண்டு, உறுப்பினர் சேர்க்கை, நீக்கம், சந்தா. சந்தாவ குறைவா வெச்சிடுங்க, ஆனா இலவசம்னு வெக்காதீங்க. வருஷத்துக்கு 50 ரூபா குடுத்தவங்க தான் கூட்டத்துல எழுந்து கேள்வி கேப்பாங்க.

அப்புறம் மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க. துணை விதிய திருத்த 21 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்து பொதுக்குழு கூட்டி, வந்தவங்கள்ல நாலுல மூணு பங்கு பேர் ஒத்துக்கிட்டா தான் சிறப்புத் தீர்மானம் ஆகும், அதுக்கப்புறம் அத பதிவாளர் கிட்டயும் பதியணும்.

5. பதிவு

பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல கணக்கு ஆரம்பிச்சு விண்ணப்பம் போடணும், பதியறது மாவட்டப் பதிவாளர். உங்க தெரு எந்தப் பதிவு மாவட்டத்துல வருதுன்னு அந்தத் தளத்துலயே பாத்துக்கோங்க, வருவாய் மாவட்டமும் பதிவு மாவட்டமும் ஒண்ணா இருக்கும்னு நம்பிப் போகாதீங்க, முக்கியமா திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர் பக்கம் இருக்கறவங்க. கட்டணமும் அங்கயே காட்டும், ஆன்லைன்ல கட்டி ரசீத பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க. அதுக்கு மேல யாராவது "எல்லாம் நான் முடிச்சுத் தர்றேன்"னு ஒரு தொகை சொன்னா அரசுக் கட்டணம் எவ்ளோ, உங்க கூலி எவ்ளோன்னு பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க, தராதவங்க கிட்ட வேலைய குடுக்காதீங்க.

குடுக்க வேண்டியது: சங்க விதிமுறைக் குறிப்பு (மெமோரண்டம், அதாவது பேரும் நோக்கமும் எழுதின பேப்பர்), துணை விதி, ஏழு பேர் கையெழுத்தும் சாட்சி கையெழுத்தும், உறுப்பினர் பட்டியல், நிர்வாகிங்க பட்டியல், முகவரிச் சான்று, அடையாளச் சான்று, முதல் கூட்டத் தீர்மானம். ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து இருக்கணும், ஒரு பக்கம் விட்டாலும் திரும்பி வரும். திருத்தம் சொல்லி அனுப்பினா என்ன திருத்தம்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ல கேட்டுட்டு வந்தா அடுத்த தடவை வேற ஆள் வேற ஒண்ணு சொல்லுவாங்க.

பேப்பர் ஒழுங்கா இருந்தா சில வாரத்துல சான்றிதழ் வந்துடும். ஐப்பசி, கார்த்திகை மழையில அலைய வேண்டாம்னா பொங்கல் முடிஞ்ச உடனே ஆரம்பிக்கறது நல்லது.

6. பான், பேங்க்

சான்றிதழ் கைக்கு வந்ததும் சங்கத்து பேர்ல பான். வீட்டுக்கு கார்டு வர்ற மாதிரி போட்டா 107 ரூபா. சான்றிதழ்ல இருக்கற பேர் எழுத்து மாறாம இங்கிலீஷ்லயும் ஒரே ஸ்பெல்லிங்ல போகணும். தமிழ்ல பேர் வெச்சவங்க இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல ஆரம்பத்துலயே முடிவு பண்ணி எல்லா இடத்துலயும் அதையே எழுதுங்க.

பேங்குக்கு சான்றிதழ், துணை விதி, பான், கணக்கு ஆரம்பிக்கற தீர்மானம், நிர்வாகிங்க கேஒய்சி (அடையாள, விலாசச் சான்று) வேணும். ரெண்டு பேர் சேந்து கையெழுத்து போட்டா தான் பணம் எடுக்கற மாதிரி வைங்க. எந்தக் காரணத்துக்கும் செயலாளரோட சொந்த ஜிபேல நன்கொடை வாங்காதீங்க. நல்ல மனுஷங்களுக்குள்ள சண்டை வந்து சங்கம் உடையறது பெரும்பாலும் இதனால தான்.

7. இடமும் நேரமும்

மாநகராட்சி ஸ்கூல்ல சாயந்திர வகுப்புக்கு இடம் வேணும்னா ஹெச்எம் கிட்ட வாய்ல சொன்னா பத்தாது, மண்டல ஆபீஸ்லயும் கடிதம் குடுத்து, அவங்க வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை போட்டு வாங்கிக்கோங்க. திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, இதுல நீங்க எந்த மண்டலம்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. நிகழ்ச்சிக்கு சமூக நலக்கூடம்னா மாநகராட்சி தளத்துல பதிவு பண்ணலாம், முகூர்த்த மாசத்துல கிடைக்காது.

நேரம் தான் வகுப்ப வாழ வைக்கறதும் சாகடிக்கறதும். காசிமேட்டுல மீன் எடுக்கற பெண்கள் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து ஏலத்துக்குப் போறவங்க, ராத்திரி ஏழு மணி வகுப்புன்னா தூங்கி விழுவாங்க, மதியம் சாப்பாடு முடிஞ்சு மூணு மணிக்கு மேல வைங்க. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவுன்னு நினைச்சு காலையில வகுப்பு போடாதீங்க, மீனுக்கு அன்னிக்கு தான் கூட்டம். விசைப்படகுல போற ஆம்பளைங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், கரையில தான் இருப்பாங்க, எழுத்து வகுப்புக்கு அத விட நல்ல நேரம் கிடையாது. பசங்களுக்கும் கோடை லீவு அதுல தான் வருது, அதனால வாத்தியார் ஆளுங்கள பிப்ரவரியிலயே பேசி வெச்சுடுங்க.

மைக் வெச்சு வீதி நாடகமோ பறை நிகழ்ச்சியோ பண்ணா லோக்கல் ஸ்டேஷன்ல முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். ராத்திரி 10 மணிக்கு மேல காலையில 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துல இடம் பாக்கறவங்க இத மனசுல வைங்க.

பசங்க வர்ற இடத்துல பெத்தவங்க கிட்ட எழுத்துல சம்மதம், வர்ற வாலண்டியர் எல்லாருக்கும் அடையாளச் சான்று, தனியா ஒரு பெரியவர் ஒரு குழந்தையோட மூடின ரூம்ல இருக்கக் கூடாதுன்னு விதி, குழந்தைகள் உதவி எண் 1098 சுவத்துல பெருசா. இதுல எந்த சமரசமும் வேணாம், உங்க நெருங்கின நண்பரா இருந்தாலும்.

8. பழவேற்காடு பக்கம் போறவங்களுக்கு

கும்மிடிப்பூண்டி லைன் ரயில்ல திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் தாண்டி பொன்னேரியில இறங்கி அங்கிருந்து பஸ். சாயந்திர வகுப்பு வெக்கறதுக்கு முன்னாடி திரும்பற கடைசி பஸ் எப்பன்னு ஊர்க்காரங்க கிட்ட கேளுங்க, பஸ் ஸ்டாண்ட் போர்ட நம்ப வேணாம். போக வர செலவ ஆரம்பத்துலயே பட்ஜெட்ல எழுதுங்க, வாலண்டியர் கைக்காசுல எத்தன நாளைக்கு வருவாங்க.

ஊராட்சித் தலைவர் கிட்ட சொன்னா போதும்னு நினைக்காதீங்க. மீனவ ஊர்ல ஊர் பஞ்சாயத்துன்னு தனியா இருக்கு, அவங்க கிட்ட போய் உக்காந்து பேசி, என்ன வகுப்பு, யார் வருவாங்க, காசு யார் குடுக்கறாங்கன்னு சொல்லி ஒத்துக்கிட்ட அப்புறம் தான் இடம் பாக்கணும். ஏரியில பாடு முறை இருக்கு, எந்த ஊர் எந்த இடத்துல எந்த நாள் வலை போடணும்னு அவங்களே பிரிச்சு வெச்ச முறை. பாடு இருக்கற நாள்ல வகுப்புக்கு யாரும் வர மாட்டாங்க, அந்த நாளுங்கள கேட்டு எழுதிக்கிட்டு அட்டவணை போடுங்க.

நம்ம தான் கலைய கொண்டு போறோம்ங்கற எண்ணத்தோட போக வேணாம். பழவேற்காட்டுல பனை ஓலையில கூடை, பெட்டி முடையற பெண்கள் கையில இருக்கற நுணுக்கத்த நம்ம பசங்க தான் கத்துக்கணும். அவங்கள பயிற்றுநரா கூப்பிட்டு மத்த மாஸ்டருக்கு குடுக்கற அதே மதிப்பூதியத்த வவுச்சர் போட்டு, முடிஞ்சா அவங்க பேங்க் கணக்குலயே குடுங்க. ஓலை, சாயம் செலவ தனியா குடுக்கணும், கூலியில கழிக்கக் கூடாது.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பூநாரை வர்ற சமயத்துல பசங்கள ஓவியம் வரையக் கூட்டிட்டுப் போவீங்க, நல்லது தான், ஆனா அது பறவைகள் சரணாலயம், வனத்துறை கிட்ட கேக்காம உள்ள போகாதீங்க. போட்ல ஏத்தறதுன்னா ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா கரையில உக்காந்தே வரையட்டும்.

9. அரசாங்கத்துல ஏற்கனவே இருக்கறது

எழுதப் படிக்கத் தெரியாத 15 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022ல இருந்து நடக்குது, பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் பாத்துக்குது. பக்கத்து அரசுப் பள்ளியில மையம் இருக்கான்னு கேட்டு அதுல தன்னார்வலரா சேருங்க, புத்தகம் நீங்க அடிக்க வேண்டியதில்ல. பத்தாவத விட்டவங்களுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு, 14 வயசு ஆகியிருக்கணும், மேல் வயசு வரம்பு கிடையாது. கடைசி தேதி தாண்டி கட்டினா அபராதம் சேரும்.

உங்க கூட பறை, கூத்து, கரகம் ஆடறவங்க இருந்தா 18ல இருந்து 60 வயசுக்குள்ள இருக்கறவங்கள நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல உறுப்பினரா சேத்து விடுங்க. 60 தாண்டிட்டா சேர முடியாது, அதனால மூத்த கலைஞர்கள் பேப்பர முதல்ல பாருங்க.

10. நன்கொடை

என்ஜிஓ தர்பன் (தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசுத் தளம்) பதிவுக்கு காசு கிடையாது. 12ஏ, 80ஜி ரெண்டுக்கும் வருமான வரித் தளத்துல தான் விண்ணப்பம், அரசுக் கட்டணம் இல்ல, ஆடிட்டர் கூலி மட்டும் தான், அத முன்னாடியே பேசி முடிங்க. முதல்ல தற்காலிகமா 3 வருஷத்துக்கு குடுப்பாங்க, அது முடிய 6 மாசம் முன்னாடி, இல்ல வேலை ஆரம்பிச்ச 6 மாசத்துக்குள்ள, எது முதல்ல வருதோ அதுக்குள்ள வழக்கமான பதிவுக்கு விண்ணப்பம் போடணும், அந்தத் தேதிய விட்டீங்கன்னா வரி விலக்கே போயிடும். கம்பெனிங்களோட சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணம் வேணும்னா இது ரெண்டும் வாங்கின அப்புறம் சிஎஸ்ஆர்-1 படிவம். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா குடுத்தவங்களுக்கு 80ஜி சலுகை இல்ல, அத முன்னாடியே சொல்லிடுங்க.

வெளிநாட்டுப் பணத்துல ரொம்ப ஜாக்கிரதை. துபாய்ல வேலை பாக்கற நம்மூர் பையன், இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவர், தன் சம்பளத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல. அதே அண்ணன் கனடா குடியுரிமை வாங்கிட்டார்னா அவர் குடுக்கறது வெளிநாட்டுப் பங்களிப்பு, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வாங்க மத்திய அரசு குடுக்கற பதிவு) இல்லாம ஒரு ரூபா வாங்கக் கூடாது. வழக்கமான எஃப்சிஆர்ஏ பதிவுக்கு 3 வருஷம் சங்கம் நடந்திருக்கணும், அந்த 3 வருஷத்துல நோக்கத்துக்காக 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும். புது சங்கம் இத யோசிக்கவே வேணாம்.

11. வருஷா வருஷம்

மார்ச் 31ல கணக்கு முடிச்சு செப்டம்பருக்குள்ள பொதுக்குழு கூட்டி, வரவு செலவ படிச்சு, தணிக்கை பண்ணின கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளர் கிட்ட தாக்கல் பண்ணணும். நிர்வாகி மாறினா படிவம் 7, 3 மாசத்துக்குள்ள. ரெண்டு மூணு வருஷம் விட்டுட்டு ஒண்ணா தாக்கல் பண்ணப் போனா அபராதமும் அலைச்சலும், அதுவரைக்கும் புது நிர்வாகிங்க பேர் ஏறாது, பேங்க்ல கையெழுத்து மாத்த முடியாது, கணக்குல காசு இருந்தும் வாத்தியாருக்கு சம்பளம் குடுக்க முடியாம நிக்கும்.

கூட்டப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, வவுச்சர் ஃபைல், இது மூணையும் ஒரு இரும்புப் பெட்டியில, தரையில இருந்து உயரமா வைங்க. டிசம்பர்ல நம்ம தெருவுக்கெல்லாம் தண்ணி வரும். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு பேர் மெயில்லயும் போட்டுடுங்க.

மொத்தமா எவ்ளோ நாள்னு கேக்கறவங்களுக்கு: ஆள் சேத்து, பேர் திருத்தி, துணை விதி எழுதவே ரெண்டு மூணு மாசம் எடுத்துக்கோங்க, பதிவு, பான், பேங்க் முடிய இன்னொரு ரெண்டு மூணு மாசம், 12ஏ, 80ஜி அதுக்கு அப்புறம். பொங்கலுக்கு ஆரம்பிச்சீங்கன்னா ஆடி மாசத்துக்குள்ள சங்கத்து பேர்ல ரசீது புத்தகம் அடிச்சிடலாம்.